வராததும் செய்திதான்

பேஸ்மேக்கர் என்றதும் பலரும் நினைப்பது, அது நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு இதயத்தை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும் என்றுதான். முதலில் வந்த கருவிகள் அப்படித்தான் இருந்தன. 1958 அக்டோபரில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள், ரூனே எல்ம்க்விஸ்ட் செய்துகொடுத்த கருவியை ஓகே செனிங் என்ற அறுவை மருத்துவர் வைத்துத் தைத்தார். உலகில் உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரத்திலேயே பழுதாகி, வேறொன்று வைக்க வேண்டியதாயிற்று. லார்சன் அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்துவிட்டுப் போனார்.

அந்தக் காலத்துக் கருவிக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. இத்தனை நேரத்துக்கு ஒரு தட்டு. இதயம் தானாகத் துடித்தாலும் தட்டும், துடிக்காவிட்டாலும் தட்டும். இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தன்னைத் தயார்செய்துகொள்ளும் நேரம் பார்த்து இந்தத் தட்டு போய் விழுந்தால், துடிப்பின் ஒழுங்கே குலைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். உதவிக்கு வந்தவனே உபத்திரவமாவது என்பார்களே, அதுதான்.

1960களில் பரோ பெர்கோவிட்ஸ் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கருவி முதலில் கேட்கட்டும், தேவைப்பட்டால் தட்டட்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்று அமைத்திருந்தால், ஒரு துடிப்பைக் கேட்டதும் கருவி எண்ண ஆரம்பிக்கிறது. 1000 மில்லிநொடிக்குள் அடுத்த துடிப்பு இயல்பாக வந்துவிட்டால் எண்ணியதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணும். வராவிட்டால் மட்டும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள்ளவும் செய்யும்; இல்லையென்றால் அதே துடிப்பின் வாலைப் புதுத் துடிப்பென்று எடுத்துக்கொண்டு ஏமாறும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி செய்வது விசித்திரமான காரியம். அது எதிர்வினை ஆற்றுவது நடந்த ஒன்றுக்கு அன்று, நடக்காமல் போன ஒன்றுக்கு. நடந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மின்முனை போதும். நடக்கவில்லை என்பதை எந்த மின்முனையால் தொட்டுப் பார்ப்பது?

இந்தக் கேள்வியை வெகு தீவிரமாக எடுத்துக்கொண்ட சிலர் இருந்தார்கள். கணினி மொழிகளை உருவாக்கியவர்கள். அவர்கள் உருவாக்கிய மொழிகள் பெரும்பாலான நிரலாளர்களின் காதில்கூட விழுந்திருக்காது. அந்த மொழிகளில் எழுதிய நிரல்கள்மேல் உட்கார்ந்து லட்சக்கணக்கானவர்கள் வானத்தில் பறந்திருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

கணினி செய்யும் வேலைகளை அவர்கள் பார்த்த விதமே வேறு. மாதச் சம்பளக் கணக்குப் போடும் நிரல் இருக்கிறது. தகவலைக் கொடுத்தால் விடையைத் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். ஏ.டி.எம். இயந்திரம் இருக்கிறது, நாம் பொத்தானை அழுத்துகிறோம், அது தன் வசதிப்படி பதில் சொல்கிறது, நாம் காத்திருக்கிறோம். மூன்றாவது வகைதான் பேஸ்மேக்கர், விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி, அணு உலையின் பாதுகாப்பு அமைப்பு எல்லாம். இங்கே காத்திருக்க ஆள் இல்லை. காற்று விமானத்தைச் சாய்த்தால் சாய்த்ததுதான். கணினிக்கு நேரம் கிடைக்கட்டும் என்று காற்று நிற்காது. வேகத்தை முடிவு செய்வது வெளியுலகம், கணினி ஓடிப்போய்ச் சேர வேண்டும். டேவிட் ஹாரெலும் ஆமிர் ப்னுவெலியும் 1985இல் வெளியான ஒரு கட்டுரையில் இப்படிப்பட்டவற்றுக்கு ‘ரியாக்டிவ்’ அமைப்புகள் என்று பெயர் வைத்தார்கள். இன்று இணையதளம் கட்டுபவர்கள் அதே சொல்லைத் தங்கள் கருவிகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அந்தப் பக்கம் தாமதமானால் போவது வாடிக்கையாளரின் பொறுமை மட்டும்.

‘ரியல் டைம்’ என்ற சொல்லும் இப்படித்தான் தேய்ந்துவிட்டது. அதிவேகம் என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். ஒரு நொடியில் லட்சக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் சில்லுக்கு 1000 மில்லிநொடி என்பது ஒரு யுகம். பேஸ்மேக்கருக்குத் தேவை வேகம் இல்லை, வேளை. 1000 என்றால் 1000. சீக்கிரம் வந்தாலும் தவறு, பிந்தினாலும் தவறு.

இப்படிப்பட்ட நிரல்களை அதுவரை எழுதிவந்த முறை கொஞ்சம் பயங்கரமானது. ஒவ்வொரு வேலையையும் ஒரு தனித் துண்டாக எழுதுவார்கள். எந்தத் துண்டு எப்போது ஓடும் என்பதை இயங்குதளம் முன்னுரிமை பார்த்து முடிவு செய்யும். இன்று ஒரு வரிசையில் ஓடியது நாளை வேறு வரிசையில் ஓடலாம். ஆயிரம் முறை சோதித்தபோது வராத பிழை ஆயிரத்தோராம் முறை வரும். போய்ப் பார்த்தால் மறைந்துவிடும்.

1981 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் விண்வெளி ஓடம் கொலம்பியா முதல்முறையாகக் கிளம்பக் காத்திருந்தது. உள்ளே ஒரே மென்பொருளை ஓட்டும் நான்கு முதன்மைக் கணினிகள், அவற்றுக்குக் காவலாக வேறொரு குழு எழுதிய மென்பொருளோடு ஐந்தாவதாக ஒரு மாற்றுக் கணினி. புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போது, மாற்றுக் கணினியால் முதன்மைக் கணினிகளோடு காலம் ஒத்துப்போக முடியவில்லை என்று தெரிந்தது. அன்றைய பயணம் நின்றது. ஓடம் கிளம்பியது 12ஆம் தேதி. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது, முதன்மைக் கணினிகளை இயக்கிவைக்கும் தருணத்தில் அவற்றின் காலக்கணக்கு ஒரு சுற்றுத் தள்ளிப்போய்விட ஏறத்தாழ 67இல் ஒரு வாய்ப்பு இருந்தது தெரியவந்தது. எத்தனையோ மாதச் சோதனைகளில் தலைகாட்டாத அந்த ஒரு வாய்ப்பு, உலகமே தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்த நாளில் வந்து நின்றது. ஐந்து கணினியிலும் கூட்டல் கழித்தலில் எந்தக் கோளாறும் இல்லை. ‘இப்போது’ என்றால் எது என்பதில்தான் அவற்றுக்குள் உடன்பாடு இல்லை.

அதே காலத்தில் பிரான்சின் தென்கோடியில், நீஸ் நகருக்குப் பக்கத்தில் சோஃபியா அந்திபோலிஸ் என்ற இடத்தில், ழான்-பால் மார்மோரா, ழான்-பால் ரிகோ என்ற இருவர் ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்காகத் தானாக ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வாயால் சொல்ல அவர்களால் முடிந்தது. அதை அன்றிருந்த எந்தக் கணினி மொழியிலும் ஒழுங்காக எழுத முடியவில்லை. ‘இது நடக்கும்வரை அதைச் செய்’, ‘இது நடந்த ஒவ்வொரு முறையும் அதை நிறுத்து’ என்று மனிதர்கள் சாதாரணமாகப் பேசுகிற வாக்கியங்களுக்கு அந்த மொழிகளில் இடமே இல்லை. கணிதத் தர்க்கத்தில் ஊறிய ஜெரார் பெரி அவர்களோடு சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் எஸ்டெரெல் என்ற மொழி பிறந்தது. பெயர் அந்தப் பகுதியில் உள்ள ஒரு சிவந்த மலைத்தொடருடையது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கிரெனோப்ல் நகரில் பால் காஸ்பியும் நிகோலா ஆல்ப்வாக்ஸும் லஸ்டர் மொழியை, ரென் நகரில் அல்பேர் பென்வெனிஸ்த்தும் பால் லெ கெர்னிக்கும் சிக்னல் மொழியை உருவாக்கினார்கள். ஒரே நாட்டில் மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் வேறு வேறு வழியாக வந்து ஒரே எண்ணத்தில் முட்டின.

அந்த எண்ணம் முதலில் கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கணக்கிடுவதற்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். வெளியிலிருந்து செய்தி வருகிறது. அதே கணத்தில் பதில் போய்விடுகிறது. இடையில் எதுவும் இல்லை. நேரத்தோடு போராடும் கருவிகளுக்காக ஒரு மொழி செய்யப் புறப்பட்டவர்கள், கணக்கிடும் நேரத்தைச் சுழியாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பாடுபவரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் தாளத்தின் சமத்தில் வந்து சேர்கிறார்கள். ஒருவரின் ஒலி மற்றவர் காதுக்குப் போகச் சில மில்லிநொடி ஆகிறது. விரல் தோலில் விழ இன்னும் கொஞ்சம். மேடையில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சமம் என்பது எல்லோருக்கும் ஒரே கணம் என்று வைத்துக்கொண்டுதான் இசை நடக்கிறது. அட்சரத்துக்கும் அட்சரத்துக்கும் இடையே உள்ள நேரம் இந்தச் சில்லறைத் தாமதங்களைவிட நன்றாகவே பெரிதாக இருக்கும்வரை அந்த ஒப்பந்தம் பொய்யாகாது. எஸ்டெரெல்காரர்கள் சொன்னதும் இதுவே. கணக்கு, அடுத்த தட்டு வருவதற்குள் முடிந்துவிடும் என்று தனியாகச் சரிபார்த்துக்கொள். அதன்பின் நிரல் எழுதும்போது அதை மறந்துவிடு. பாரிஸில் உள்ள ஐர்காம் இசை ஆய்வு மையத்தில் பின்னாளில் ஆர்ஷியா கோன் உருவாக்கிய ஆன்டெஸ்கோஃபோ என்ற அமைப்பு, மேடையில் வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டே கணினியின் பகுதியை அதற்கேற்ப ஓடவிடுகிறது. அதன் மொழிக்கு இந்தப் பிரெஞ்சு மொழிகளோடு நெருங்கிய உறவு உண்டு.

இந்த மொழியில் எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சின்ன உதாரணம் இருக்கிறது. ஏ, பி என்று இரண்டு செய்திகள். எந்த வரிசையில் வந்தாலும் சரி, இரண்டும் வந்துசேர்ந்த உடனே ஓ என்ற செய்தியை அனுப்ப வேண்டும். ஆர் என்ற செய்தி வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாதாரண முறையில் எழுதினால் ஏ வந்தாயிற்றா, பி வந்தாயிற்றா, ஓ அனுப்பியாயிற்றா என்று கொடிகள் வைத்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நிலை வரைய வேண்டும். இரண்டு செய்திக்கு நான்கு நிலை, மூன்றுக்கு எட்டு, பத்துக்கு 1024. எஸ்டெரெலில் அந்த வாக்கியத்தையே எழுதிவிடலாம்: ஏ-வுக்குக் காத்திரு, இணையாக பி-க்குக் காத்திரு, இரண்டும் முடிந்ததும் ஓ-வை அனுப்பு, ஆர் வரும்போதெல்லாம் இதை மறுபடி தொடங்கு. மூன்றாவதாக சி வேண்டுமென்றால் இன்னொரு ‘காத்திரு’ சேர்த்தால் போதும். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில்தான் எழுத வேண்டும் என்பது பெரியின் பிடிவாதம். ஏ-வும் பி-யும் ஒரே கணத்தில் வந்தால்? அதே கணத்தில் ஓ போகும். அதே கணத்தில் ஆர்-உம் வந்துவிட்டால்? ஆர்-தான் ஜெயிக்கும், ஓ போகாது. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட இடமே இல்லை. ஒரே உள்ளீட்டுக்கு இன்றும் நாளையும் என்றும் ஒரே வெளியீடு.

எனக்கு இந்த மொழியில் ஆச்சரியமாகப் பட்டது இந்தச் சுருக்கமோ நேர்த்தியோ இல்லை. நேரத்தைச் சுழியாக்கியதும் தலைதூக்கிய ஒரு புதிர். எல்லாமே ஒரே கணத்தில் நடக்கிறது என்று சொல்லிவிட்டால், காரணமும் விளைவும் ஒரே கணத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன. ஒருவன் இப்படி எழுதுகிறான்: இந்தக் கணத்தில் மணி அடிக்காவிட்டால், இந்தக் கணத்திலேயே மணியை அடி. மணி அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், அடிக்க வேண்டும், அப்படியானால் அடித்துவிட்டது. அடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் அடிக்கக் காரணமே இல்லை. விடையே கிடையாது. இன்னொருவன் எழுதுகிறான்: மணி அடித்தால் மணியை அடி. அடித்தாலும் பொருந்துகிறது, அடிக்காவிட்டாலும் பொருந்துகிறது. இரண்டு விடை. விமானத்தில் இப்படிப்பட்ட வாக்கியத்தை வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரியும்.

மூன்றாவது ஒன்றுதான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. மணி அடித்தாலும் மணியை அடி, அடிக்காவிட்டாலும் மணியை அடி. தர்க்கப்படி பார்த்தால் இதற்கு ஒரே ஒரு விடைதான்: மணி அடிக்கும். எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் எஸ்டெரெல் இதையும் ஏற்க மறுக்கிறது. ஏனென்றால் மணியை அடிப்பதற்கு முன்னால், மணி அடித்ததா இல்லையா என்று பார்க்கச் சொல்கிறது வாக்கியம். பார்க்க வேண்டுமென்றால் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஊகித்துவிட்டுப் பிறகு ஊகம் சரியாகிவிட்டது என்று சொல்வது அங்கே செல்லாது. ஒவ்வொரு படியும் முந்தைய படியில் உறுதியானதன்மேல் நிற்க வேண்டும். இது வீண் பிடிவாதம் மாதிரித் தெரியலாம். இதே வாக்கியத்தை மின்சுற்றாகக் கட்டிப் பார்த்தால், கம்பிகளின் தாமதத்தைப் பொறுத்து அது நிலைக்கு வராமல் ஊசலாடிக்கொண்டே இருக்கக்கூடும். பெரியும் அவரைச் சேர்ந்தவர்களும் காட்டியது இதைத்தான்: எந்தக் கம்பிக்கு எவ்வளவு தாமதம் இருந்தாலும் நிலைத்து நிற்கும் சுற்றுகளும், ஊகம் இல்லாமல் படிப்படியாக நிரூபிக்கக்கூடிய நிரல்களும் ஒன்றே. தர்க்க வகுப்பில் செல்லுபடியாகும் வாதம் ஒன்று, செம்புக் கம்பியில் செல்லுபடியாகாமல் போகிறது. எஸ்டெரெல் கம்பியின் பக்கம் நின்றது.

சரி, ஊகிக்காமல் எப்படி முடிவு செய்வது? விதி இரண்டே வரி. ஒரு செய்தியை யாராவது அனுப்பியே தீர வேண்டும் என்று உறுதியானால், அந்தச் செய்தி ‘உண்டு’. இனி யாராலும் அனுப்ப முடியாது என்று உறுதியானால்தான் ‘இல்லை’.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்டு என்று சொல்ல ஒரு சாட்சி போதும். இல்லை என்று சொல்ல எல்லோரையும் விசாரித்திருக்க வேண்டும். நிரலின் எந்த மூலையிலும், எந்தக் கிளையிலும், அந்தச் செய்தியை அனுப்பக்கூடியவர் ஒருவர்கூட மிச்சமில்லை என்பது தெரிந்த பிறகே அந்தக் கணத்தில் அது வரவில்லை என்று எழுத முடியும். அதனால்தான் இந்த மொழிகள் நிரலாளரின் கையை இவ்வளவு கட்டுகின்றன. எப்போது முடியும் என்று தெரியாத சுழற்சிக்கு ஒரு கணத்துக்குள் அனுமதி இல்லை. ஓடும்போதே நினைவகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. வேறு மொழிகளில் நிரலாளர் உரிமை என்று கொண்டாடும் பலவும் இங்கே வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. ‘யாராலும் முடியாது’ என்று சொல்ல வேண்டுமானால் யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு எல்லை இருந்தாக வேண்டும்.

லஸ்டர் இன்னும் கறார். அதில் கட்டளைகளே இல்லை, சமன்பாடுகள்தான். எண்ணிக்கை என்பது தொடக்கத்தில் 0, பிறகு முந்தைய தட்டில் இருந்த எண்ணிக்கையோடு 1. ஒரு கடிகாரத்தை இப்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பு. ஒரு பெயர் அதே தட்டில் தன்னையே நம்பியிருந்தால், நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் விவாதத்துக்கே வராது, திருப்பி அனுப்பிவிடும். கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் அதற்குமுன் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்த பெட்டிப் படங்களுக்கு இது அப்படியே பொருந்தியது. கிரெனோப்லில் இருந்த மெர்லின் ழெரின் நிறுவனம் அணு மின் நிலையங்களின் பாதுகாப்பு மென்பொருளுக்கு லஸ்டரை எடுத்துக்கொண்டது. விமானத் துறையில் ஏரோஸ்பாசியல் நிறுவனத்தின் அனுபவமும் சேர்ந்து, ஸ்கேட் என்ற கருவி உருவானது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதியது அந்தக் கருவியில்தான். எஸ்டெரெல் பெயரில் தொடங்கிய நிறுவனம் கடைசியில் உலகெங்கும் விற்றது லஸ்டரின் வாரிசை; 2012இல் அந்த நிறுவனத்தை ஆன்சிஸ் என்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. மொழிகளின் கதையில் இப்படியும் நடக்கும்.

நேரத்தைச் சுழியாக்கிய அந்தக் கற்பனைக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அடுத்த தட்டுக்குள் கணக்கு முடிந்துவிடும் என்று யாராவது கணித்துக் காட்டியாக வேண்டும். சராசரி இங்கே செல்லாக் காசு. மிக மோசமான நிலையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதே கேள்வி. இதற்கென்று தனிக் கருவிகள் உண்டு. ஏர்பஸ் பயன்படுத்தியது ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில் உள்ள அப்ஸின்ட் நிறுவனத்தின் கருவியை. இதில் ஒரு வேடிக்கை. இன்றைய கணினிச் சில்லுகள் சராசரி வேகத்துக்காக உள்ளே எத்தனையோ ஊகங்கள் செய்கின்றன, அண்மையில் தொட்டதைப் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றன. அதனால் வேகம் கூடுகிறது, கணிப்பது மட்டும் கடினமாகிறது. நம் மேசைமேல் இருக்கும் கணினி பழைய விமானக் கணினியைவிடப் பல மடங்கு வேகமானது. அதை நம்பி ஏறி உட்கார நான் தயாரில்லை.

இவ்வளவும் ஒரே பெட்டிக்குள் நடப்பது. தூரம் வந்துவிட்டால் கதை மாறுகிறது. ஹாரெல், ப்னுவெலி கட்டுரை வந்த அதே 1985இல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் ஒரு தேற்றத்தை வெளியிட்டார்கள். செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு வரம்பே இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றிருந்தால்கூட, மற்றவை எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி கொடுக்கும், தற்செயலை நம்பாத எந்த வழிமுறையும் இருக்க முடியாது. அடியில் இருக்கும் காரணம் எளியது. பதில் வரவில்லை. அவன் செத்துவிட்டானா, மெதுவாக யோசித்துக்கொண்டிருக்கிறானா? வரம்பு இல்லாத இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஆளுக்கொரு வழி தேடினார்கள். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986 முதல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில், செய்திக்காகக் காத்திருக்கும் இடத்திலேயே ‘இவ்வளவு நேரத்துக்குப் பிறகு’ என்று ஒரு கிளை எழுதலாம். ரிசீவரை எடுத்தவர் எண்ணைச் சுழற்றாமல் இருந்தால் எத்தனை நொடி பொறுப்பது என்பது அங்கே நிரலாளரின் அனுமானம். நல்ல அனுமானமாக இருந்தால் நல்லது. மும்பையிலிருந்து எஸ். ரமேஷும் ஆர்.கே. சியாமசுந்தரும் பெரியோடு சேர்ந்து 1993இல் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு முனையும் தனக்குள் ஒரே கணத்தில் இயங்கட்டும், முனைகளுக்கிடையே சந்திப்புக்காக ஒருவருக்கொருவர் காத்திருக்கட்டும் என்று இரண்டு உலகங்களையும் இணைத்துப் பார்த்தது. வியன்னாவில் ஹெர்மன் கோபெட்ஸ் எடுத்த வழிதான் என் மனசுக்கு நெருக்கம். அவருடைய வலையமைப்பில் செய்தி இருந்தால் பேசுவது என்பதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் முன்கூட்டியே குறித்த ஒரு வேளை. அந்த வேளையில் அது பேசியாக வேண்டும், சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும். கடிகாரங்கள் எல்லாம் ஒத்திசைந்திருக்கும். குறித்த வேளையில் ஒருவன் பேசாவிட்டால், அந்த மௌனத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், அவன் போய்விட்டான் என்று ஒரே நேரத்தில் அறிந்துகொள்கிறார்கள். தனியாக ஒரு இரங்கல் செய்தி அனுப்ப ஆள் தேவையில்லை.

பேஸ்மேக்கர் செய்ததும் இதுவே என்று தோன்றுகிறது. துடிப்பு வராததை எந்த மின்முனையாலும் தொட்டுப் பார்க்க முடியாதுதான். 1000 மில்லிநொடி என்று ஒரு எல்லை குறித்த பிறகே அந்த வெறுமைக்கு ஒரு உருவம் வந்தது. எல்லை குறிக்காதவரை மௌனம் வெறும் மௌனம். அது மறுப்பாக இருக்கலாம், மறதியாக இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம். கேட்பவர் தன் பயத்தையோ ஆசையையோ அதற்குள் ஊற்றி நிரப்பிக்கொள்கிறார். யாராவது ஒருவர் ‘இந்த வேளைக்குள்’ என்று சொல்லி, அந்தச் சொல்லுக்குத் தன்னைக் கட்டிக்கொண்டால்தான் மௌனம் பேச ஆரம்பிக்கிறது. வேளை சொல்வது வேகத்துக்காக என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எதிரில் காத்திருப்பவருக்கு ‘இல்லை’ என்பதை அறிந்துகொள்ளும் உரிமையை அது கொடுக்கிறது. அறிந்தவர் அடுத்த காரியத்தைப் பார்க்கலாம், பேஸ்மேக்கர் தட்டுவதுபோல.

ரயில் எஞ்சின் ஓட்டுநர் அறையில் உள்ள விழிப்புக் கருவியும் இந்த நியாயத்தில்தான் வேலை செய்கிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநர் எந்தக் கைப்பிடியையும் தொடாவிட்டால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாக விழும். ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று என்று கருவிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த நுட்பத்தைக் கணினிக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். அரசு அலுவலகத்தில் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று தெரியாமல் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் நம்மில் ஏராளம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலுக்கு எல்லையே கிடையாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 2005இல் எழுதியவர்கள் அந்தப் பொறியை நன்றாக அறிந்திருந்தார்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்துக்குள் என்று முதலில் வேளை குறித்தார்கள். அதோடு விடவில்லை. அந்தக் காலத்துக்குள் பதில் வராவிட்டால் தகவலைத் தர மறுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு. மனு போட்டவர் 31ஆம் நாள் யார் வாயையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் மேல்முறையீட்டை எழுத அவருக்கு அங்கிருந்து இன்னும் 30 நாள் இருக்கிறது.